தையல் மிஷினுக்கு வைத்த பெயர்

அரசாங்கத்திடம் இலவசத் தையல் மிஷின் கேட்டு மனுப் போடுகிற பெண்களுக்கு ஒரு பெயர் பழக்கம். திட்டத்தின் முழுப் பெயர் இது: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். சமூக நலத்துறை நடத்துகிறது. கணவனை இழந்தவர்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் இந்த மிஷின் ஓடியது. எதிர் வீட்டு அக்கா ஒருமுறை சொன்னார்: "அந்தம்மா பெரிய டைலரா இருந்திருப்பாங்க போல. அதான் மிஷினுக்கு அவங்க பேர வெச்சிக்கிறாங்க."

சத்தியவாணி முத்து டைலர் இல்லை. மூன்று முறை பெரம்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். 1967-இல் அமைந்த அண்ணாவின் முதல் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண். பத்திரிகை நடத்தியவர். ஆளுங்கட்சியின் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்து தாழ்த்தப்பட்டோருக்காகத் தனிக்கட்சி தொடங்கியவர். மத்திய அமைச்சராகவும் இருந்தவர். வடசென்னைக்குச் சொந்தமான ஒரு தலைவரின் பெயர் வடசென்னைப் பெண்களிடமே ஒரு மிஷினின் பெயராகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று கேட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

*

அவர் பிறந்தது 1923 பிப்ரவரி 15. அந்த ஆண்டுக்கு நம் கதையில் வேறொரு பொருளும் உண்டு.

பெரம்பூர் என்றால் பழைய ஆட்களுக்கு பின்னி மில். பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில் என்ற பி அண்ட் சி மில்லை எங்கள் ஆயா கடைசிவரை 'பின்னி' என்றுதான் சொன்னார். 1918-இல் சென்னை தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கத்தில் பெரம்பூர் இருக்கிறது. இரண்டாம் பக்கம் அவ்வளவு பெருமையானதல்ல. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பார்ப்பனரல்லாதார் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவதாகச் சொன்ன நீதிக்கட்சி, அந்தச் சமயத்தில் யார் பக்கம் நின்றது என்ற கேள்வி எழுந்தது. ஆதி திராவிடர் தலைவரான எம்.சி.ராஜா 1923-இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

சத்தியவாணி முத்து பிறந்த அதே ஆண்டு. ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து, நீதிக்கட்சியின் வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட இயக்கத்திலிருந்து ஏறக்குறைய அதே காரணத்துக்காக அவரும் வெளியேறப் போகிறார். புளியந்தோப்புக்கும் பெரம்பூருக்கும் நடந்தே போய்விடலாம்.

அவருக்கு முன்னால் இந்த நகரத்தில் தலித் பெண்கள் மேடை ஏறவில்லை என்றில்லை. மீனாம்பாள் சிவராஜ் இருந்தார். 1938-இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் தரப்பட்டது. அதில் முன்னின்ற பெண்களில் மீனாம்பாளும் ஒருவர். நாடே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் பட்டம் அது. அதைத் தந்த பெண்களின் பெயரைக் கேட்டால் பட்டதாரிகள்கூட யோசிக்கிறார்கள்.

*

1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அன்று மழை. மழையில் நனைந்துகொண்டே கூட்டம் நின்றது என்பதை எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் சொல்வார்கள். ஐம்பெரும் தலைவர்கள் என்று ஐந்து ஆண்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். கட்சி பிறந்த நாளிலிருந்து அதில் இருந்த சத்தியவாணி முத்துவின் பெயர் அந்த மூச்சில் வராது.

1953-இல் ராஜாஜி அரசு ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தப் போராட்டத்தில் கைதானவர்களில் சத்தியவாணி முத்துவும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயது.

அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா, சிரைப்பவன் மகன் சிரைக்கத்தான் வேண்டுமா' என்றுதான் உதாரணம் சொல்வார்கள். எல்லாம் மகன். மகளுக்கு எது குலத்தொழில்? எந்தச் சாதியில் பிறந்தாலும் அவளுக்கு மதியத்துக்கு மேல் அடுப்படிதான். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவளுக்கு அடுப்படியோடு அடுத்தவர் வீட்டுச் சாணியும் சேர்த்து. அந்த இரண்டையும் ஒருசேர மறுக்கும் தேவை உள்ள ஒரு பெண் கைதாகிப் போனாள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காமராஜர் முதல்வரானதும் 1954-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் ஆயா நாலாங்கிளாஸோடு நிறுத்தினார், என் அம்மா எட்டாவது வரை போனார், நான் எம்.ஏ. இந்தக் கணக்கில் அந்தக் கைதுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1957-இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லாத காலம். வேட்பாளர்கள் சுயேச்சைகளாகத்தான் கணக்கில் வந்தார்கள். வென்றவர்கள் 15 பேர். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி, எழும்பூரில் அன்பழகன். பெரம்பூரில் சத்தியவாணி முத்து. 1962-இல் அதே பெரம்பூரில் தோற்றார். 1967-லும் 1971-லும் அங்கேயே மீண்டும் வென்றார். 1959-லிருந்து 1968 வரை கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர். 'அன்னை' என்ற பத்திரிகையின் ஆசிரியர்.

கொள்கை பரப்புச் செயலாளர் என்ற பதவியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சி இல்லாத காலத்தில் தி.மு.க. வளர்ந்தது மேடையிலும் அச்சிலும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி நடுநிசி தாண்டியும் நடக்கும் பொதுக்கூட்டம். ஊர் ஊராகப் பயணம். அதை ஒரு தலித் பெண் செய்ய வேண்டுமென்றால் எங்கே தங்குவது, யார் வீட்டில் சாப்பிடுவது, ராத்திரி எப்படித் திரும்புவது என்ற கேள்விகள் ஆண் பேச்சாளர்களுக்கு வருவதைப்போல் வராது. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த என் ஆயா சொன்னது இது: "கூட்டம்னா ஆம்பளைங்க முன்னாடி குந்தினு இருப்பாங்க. நாங்க கொழந்தைய இடுப்புல வெச்சினு கடைசில நிப்போம். மேடைல ஒரு பொம்பள பேசுதுன்னா மட்டும் இன்னும் கொஞ்சம் முன்ன போவோம்." ஆயாவுக்கு பேச்சின் விவரங்கள் எதுவும் ஞாபகத்தில் இல்லை. முன்னால் போனது ஞாபகமிருக்கிறது.

*

1967 தேர்தலில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. மார்ச் 6 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் அண்ணாவையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் ஒருவர் பெண், அவரே தலித். ஆதி திராவிடர் நலத்துறையை அப்போது அரிசன நலத்துறை என்பார்கள். அதுவும் செய்தித்துறையும் அவரிடம் வந்தன.

இந்த அமைச்சரவை செய்தவை நம் பாடப்புத்தகங்களில் உண்டு. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தம் வந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. புரோகிதர் இல்லாமல், தாலி கட்டாமல், மாலை மாற்றி ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்று ஒரு அரசு சொன்னது பெண்களுக்குச் சின்ன விஷயமல்ல. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் ஒரு பெண் இருந்தார் என்பதையும் அந்தப் பாடத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

நாம் பேச வேண்டியது துறைகளைப் பற்றி.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித்துகள். முதல் திராவிட இயக்க ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த அரசில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென்று ஒரு துறையும், அதற்கு ஒரு தலித் பெண் அமைச்சரும் இருந்தார்கள். கீழ்வெண்மணியை எரித்த கேள்விகள் என்னென்ன? கூலி. நிலம். காவல்துறை. நீதிமன்றம். இதில் ஒன்றும் நலத்துறையின் கையில் கிடையாது. நலத்துறையின் கையில் இருப்பது விடுதி, உதவித்தொகை, வீட்டுமனைப் பட்டா, சுடுகாட்டுப் பாதை. குடிசை எரிந்தபின் கொடுக்க வேண்டியதை நலத்துறை கொடுக்கலாம். குடிசை எரியாமல் தடுக்கும் அதிகாரம் வேறு அறைகளில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பிற்பாடு உயர்நீதிமன்றம் விடுவித்தது.

விடுதியும் உதவித்தொகையும் அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விடுதிச் சோற்றில் படித்து வந்தவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கோ ஒரு தலித்துக்கோ அமைச்சரவையில் இடம் தரும்போது எந்த நாற்காலியைத் தருகிறார்கள் என்று பாருங்கள். சமூக நலம், ஆதி திராவிடர் நலம், மகளிர் நலம். 'நலம்' என்று முடிகிற நாற்காலி. நிதி, உள்துறை, பொதுப்பணி, வருவாய் என்ற நாற்காலிகளுக்கு அந்த விகுதி கிடையாது. இரண்டு வரிசைக்கும் உள்ள தூரம், பந்தியில் பரிமாறுகிறவருக்கும் பரிமாறப்படுகிறவருக்கும் உள்ள தூரம்.

இதில் சத்தியவாணி முத்துவுக்குச் செய்தித்துறையும் கிடைத்தது கவனிக்கத்தக்கது. ஒன்பது வருடம் கட்சியின் குரலாக இருந்தவருக்கு அது பொருத்தமும்கூட. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அதன்பின் கருணாநிதி அமைச்சரவையில் அவர் கையில் இருந்தது அரிசன நலம்.

*

1974-இல் அவர் வெளியேறினார்.

அவர் வைத்த குற்றச்சாட்டு வெளிப்படையானது. அண்ணாவுக்குப் பிறகு கட்சியில் தாழ்த்தப்பட்டவர்களுக்காகப் பேச ஆளில்லை. முக்கியமான இடங்களில் அவர்களுக்கு உரிய பங்கு இல்லை. இனியும் பயன்படுத்தப்பட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஐந்தாண்டுக்கும் மேலாக அமைச்சராக இருந்த ஒருவர், ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, காரும் பங்களாவும் இருக்கும்போதே இதைச் சொன்னார். சொல்லிவிட்டு தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள். 'முன்னேற்றக் கழகம்' அப்படியே இருக்கிறது. முன்னால் இருந்த 'திராவிட' என்ற சொல்லின் இடத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' வந்திருக்கிறது. அந்தப் பெரிய சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோம் என்றீர்களே, எங்கே என்ற கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தி.மு.க.விலிருந்து பிரிந்து கட்சி கண்டவர்கள் அதற்கு முன்னும் உண்டு. 1961-இல் ஈ.வெ.கி.சம்பத் பிரிந்து தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் அது காங்கிரசில் கரைந்தது. 1972-இல் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார்; ஐந்து ஆண்டில் ஆட்சியைப் பிடித்தது. சம்பத் தோற்றாலும் அவருடைய பிரிவு 'கொள்கை வேறுபாடு' என்று வரலாற்றில் நின்றது. எம்.ஜி.ஆரின் பிரிவு சகாப்தமானது. சத்தியவாணி முத்துவின் பிரிவு ஒரு அடிக்குறிப்பு. அவருடைய கட்சியும் சில ஆண்டுகளில் அ.தி.மு.க.வோடு இணைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சம்பத்தின் கட்சியும் இணைந்துபோனதுதானே.

ஒரு தனிக்கட்சி நிற்பதற்கு என்ன வேண்டும்? பணம், பத்திரிகை, மாவட்டம்தோறும் ஆட்கள், அந்த ஆட்களுக்குப் பின்னால் ஒரு சாதியின் நிலமும் கடையும் லாரியும். எம்.ஜி.ஆருக்குச் சினிமாவும் ரசிகர் மன்றங்களும் இருந்தன. கூலித் தொழிலாளிகளை மட்டுமே நம்பி 1974-இல் ஒரு தலித் பெண் கட்சி நடத்தினால், தேர்தலுக்கு வைப்புத்தொகை கட்டுவதே பெரும்பாடு. தமிழ்நாட்டில் தலித் கட்சிகள் தேர்தல் அரசியலில் காலூன்ற அதன்பின் இருபது வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த வழியில் ஒரு பெண்ணின் கால்தடம் முன்னமே விழுந்திருக்கிறது என்பதை அந்தக் கட்சிகளின் மேடைகளும் அடிக்கடி சொல்வதில்லை.

அ.தி.மு.க.வுக்குப் போனது சமரசமா என்று என் மாணவிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே கேள்வியை கட்சி மாறிய ஆண்களிடம் 'ராஜதந்திரம்' என்ற சொல்லால் மூடிவிட்டு, பெண்ணிடம் மட்டும் கற்புக் கணக்குப் பார்ப்பதுபோலக் கேட்கக் கூடாது. அவருக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. தனியாக நின்று மெலிந்து போவது, அல்லது இன்னொரு பெரிய கட்சிக்குள் போய் அங்கே ஒரு இடத்தைப் பிடிப்பது. இரண்டாவதை எடுத்தார். 1978 ஏப்ரல் முதல் 1984 ஏப்ரல் வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

1979 ஆகஸ்ட் 19 அன்று சரண் சிங் அமைச்சரவையில் மத்திய அமைச்சரானார். அ.தி.மு.க.விலிருந்து அவரும் பாலா பழனூரும் சேர்ந்தார்கள். காங்கிரஸ் அல்லாத தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றிலிருந்து மத்திய அமைச்சரவைக்குள் போன முதல் இருவர் இவர்கள். தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ டெல்லியில் பதவி வாங்கிய கதை என்றால் எல்லோரும் தொண்ணூறுகளிலிருந்து தொடங்குவார்கள். தொடங்கவேண்டிய பெயர் சத்தியவாணி முத்து. அவர் பதவியேற்ற மறுநாளே, ஆகஸ்ட் 20-இல், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே சரண் சிங் பதவி விலகினார். காபந்து அரசில் டிசம்பர் 23 வரை அவர் அமைச்சராகத் தொடர்ந்தார். டெல்லியிலும் அவருக்குத் தரப்பட்டது சமூக நலம்.

1999 நவம்பர் 11-இல் மறைந்தார்.

*

இப்போது மிஷினுக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு இந்தத் திட்டத்தில்தான் மிஷின் வந்தது. எனக்கு அப்போது பதிமூன்று வயது. அப்பாவின் குடியும் அடியும் தாங்காமல் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆயா வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மனுவோடு சேர்க்க வேண்டிய காகிதங்களில் ஒன்று, கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்று. ஒரு அலுவலகத்தில் அதற்காக நின்றபோது நானும் கூட இருந்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் வரியைப் படித்துக் காட்டினார். அம்மா நிறுத்தினார்.

"அவன் எங்கள கைவிடல சார். நான்தான் அவன வேணாம்னு வந்துட்டேன்."

"அதெல்லாம் எழுத முடியாதும்மா. கைவிடப்பட்டவர்னு இருந்தாதான் மிஷின்."

"அப்போ நான் வுட்டுட்டு வந்ததுக்கு ஒரு பேரு இல்லியா?"

அவர் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வரும்வரை என்னிடம் எதுவும் பேசவில்லை.

அந்தச் சான்றின் இலக்கணத்தை நான் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். 'கைவிடப்பட்டவர்' என்பது செயப்பாட்டு வினை. அந்தப் படிவத்தில் ஒரு பெண்ணுக்குச் செய்வினை கிடையாது. யாராவது அவளை இழந்திருக்க வேண்டும், விட்டிருக்க வேண்டும், கெடுத்திருக்க வேண்டும். அவளாக ஒன்றைச் செய்திருந்தால் அதை எழுதக் கட்டம் இல்லை. வேண்டாம் என்று தானே வெளியேறிய ஒரு பெண்ணின் பெயரில் உள்ள திட்டம் இது. 1974-இல் சத்தியவாணி முத்துவைக் கட்சி கைவிட்டது என்று எழுதியிருந்தால் அவரும் அந்த வரியை நிறுத்தச் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிஷின் வந்தது. அதை மறுத்துப் பேச மாட்டேன். எம்.சி. ரோடு கடைகளுக்குப் போகும் உள்பாவாடைகளை அம்மா அதில் தைத்தார். வெட்டிய துணியை மூட்டையாக ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். தைத்து முடித்தால் டஜன் கணக்கில் கூலி. நூல் நம்முடையது, கரன்ட் நம்முடையது, ஊசி உடைந்தால் நம் செலவு. தையல் கோணினால் கூலியில் பிடித்தம். பண்டிகை முன்னால் ராத்திரி இரண்டு மணிவரை சத்தம் கேட்கும். ஆடி கழிந்தால் மூட்டையே வராது. அம்மா தொழிலாளி இல்லை, ஏனென்றால் ஆலையில் இல்லை. முதலாளியும் இல்லை. கணக்கில் அவர் 'பயனாளி'. அந்தக் காசில்தான் நானும் தம்பியும் படித்தோம். பெரம்பூர் மில்லில் சங்கம் கட்டியவர்களின் பேத்திகள், ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு மிஷினோடு, சங்கம் கட்ட முடியாதபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர், திருமண உதவித் திட்டத்துக்கு வைக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் மகப்பேறு உதவிக்கு. மணியம்மையார், தர்மாம்பாள் பெயர்களும் திருமண உதவிகளுக்கே. கல்யாணம், பிரசவம், தையல். எண்ணூர் துறைமுகத்துக்கு 2014-இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயர். துறைமுகமும் விமான நிலையமும் ரயில் நிலையமும் ஆண்கள் பெயரில் வெளியே நிற்கின்றன. பெண்களின் பெயர்கள் பயனாளியின் வீட்டுக்குள், மூலையில், துணி போட்டு மூடி வைக்கப்படுகின்றன. நல்லெண்ணத்தோடு வைத்த பெயர்கள்தான். அதனால்தான் யாருக்கும் உறுத்துவதில்லை.

அவர் பெயரில் வெளியே நின்ற இடம் ஒன்று உண்டு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், கூவம் கரையில், சத்தியவாணி முத்து நகர். ரயில் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்த அதே 2019-இன் டிசம்பரில் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில். மூட்டை தூக்கியும் வீட்டுவேலை செய்தும் பூ விற்றும் வாழ்ந்தவர்கள் நகரத்தின் தெற்கு ஓரத்திலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வேலைக்கு வர வேண்டியதானது. வேலையைக் கைவிட்டவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் பெயர் வைத்து எண்ணுவதில்லை.

*

2022-இல் சென்னை மேயரான ஆர்.பிரியா, திரு.வி.க. நகர் பகுதியைச் சேர்ந்தவர். பெரம்பூருக்குப் பக்கம். மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர். பதவியேற்றபோது வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண். அந்த நாற்காலி பட்டியலினப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதால் இது முடிந்தது. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு, 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமே கணக்கு: 234 பேரில் பெண்கள் 12. மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபின் என்று அதற்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். பட்டியலினத் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. அப்படியென்றால் சத்தியவாணி முத்துக்கள் எண்ணிக்கையில் வரப்போகிறார்கள். எந்த நாற்காலிக்கு வருவார்கள் என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. 1957 முதல் 1962 வரையும், 1967-லிருந்தும் பெரம்பூர் உறுப்பினர் எழுந்து பேசிய பக்கங்களை எடுங்கள். அமைச்சராகச் சொன்ன பதில்களையும், அதற்கு வந்த குறுக்கீடுகளையும் சேர்த்து எடுங்கள். 'அன்னை' இதழ்கள் எங்காவது பழைய கட்சிக்காரர் வீட்டுப் பரணில் இருக்கலாம், தேடுங்கள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அவருக்கு ஓட்டுப் போட்ட பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன பேசினார் என்று கேட்டால் ஞாபகம் வராமல் போகலாம். எங்கே நின்று கேட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.